தலை ஈரமான பெண்ணிடம் கொடுத்த பர்ஸ்

எனக்குப் பொறாமை அதிகம். பரிசு வாங்கினவர்கள், மாடி கட்டினவர்கள், மகளை வெளிநாட்டுக்கு அனுப்பினவர்கள் மேல் வருகிற பொறாமை ஒரு வாரம் புகைந்துவிட்டு அணைந்துவிடும். அணையாதது வேறு. என் மனைவி யாரைப் பார்த்தால் முகம் மலர்கிறாளோ, அவர்கள் மேல் வருவது. பால்காரர் மேல். எதிர்வீட்டு மாடிப்படியில் படுத்திருக்கும் சாம்பல் பூனை மேல். காலை ஏழே முக்கால் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற டீச்சர் மேல்.

அந்த டீச்சரை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்கு வீரகேரளம்புதூரில் அரசாங்க வேலை. தென்காசியிலிருந்து தினமும் பஸ். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சரும் அதே பஸ்ஸில் போகிறாள். பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே சீட். ஜன்னலோரம் ஒருநாள் இவளுக்கு, ஒருநாள் அவளுக்கு. நான் அவளை நேரில் பார்த்தது இரண்டு தடவை. அவள் சிரிப்பைக் கேட்டது கணக்கில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என் மனைவியின் போனுக்குள்ளிருந்து அது வரும். காலையிலும் மாலையிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகும் பேச என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். "ஒங்ககிட்ட சொன்னா புரியாது" என்பாள்.

நான் வீட்டிலேயே வேலை பார்ப்பவன். பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவேன். மிச்ச நேரத்தில் எழுதுவேன். எழுதாத நேரத்தில் எழுதவில்லையே என்று வீட்டுக்குள் நடப்பேன். ஒரு சொல் வருவதுபோல் வந்து வாசலில் நிற்கும், அந்த நேரம் பார்த்து போன் அடிக்கும், சொல் போய்விடும். அதனால் தெரியாத எண் வந்தால் எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். அதை ஒரு கொள்கை மாதிரி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் பிடித்திருந்தது. எங்கள் ஊர்ச் சாரலை மழை என்று சொல்ல முடியாது. விழுவது கண்ணுக்குத் தெரியாது. கையை நீட்டினால் ஒன்றும் இல்லை, கையை மடக்கினால் ஈரம். யாரோ மலைக்கு அந்தப் பக்கம் துணி உதறுகிறார்கள், அதன் தூவானம் இந்தப் பக்கம் வந்து படுகிறது. இரண்டு பேரும் காலையிலேயே குற்றாலத்துக்கு பஸ் ஏறினோம். அவள் தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தாள். "குளிக்கப் போற எடத்துக்கு அது எதுக்கு?"

பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பிரிகிற இடத்தில் நின்று அவள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டாள். கையில் அந்த மெரூன் கலர் பர்ஸ். ஜிப் கெட்டுப்போய் ஊக்கு மாட்டியிருக்கும்.

"பர்ஸ எங்கிட்ட குடு. எனக்குத் தொண்ட கட்டியிருக்கு, நான் குளிக்கப் போறதில்ல."

"ஒங்ககிட்டயா? வேண்டாம் சாமி. நீங்க எங்கனயாவது ஆகாசத்தப் பாத்துட்டு நிப்பிய. போன மாசம் கொடய எங்க வச்சிய?"

"கொட வேற, பர்ஸ் வேற."

"தொலைக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப யார்கிட்ட குடுப்ப?"

"அதுக்கா ஆளு இல்ல?"

அங்கே பெண்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறதாம், அன்றுதான் எனக்குச் சொன்னாள். கூட ஆள் இல்லாமல் குளிக்கப் போகிறவள், கரையில் தலை ஈரமாக நிற்கிற ஒருத்தியைத் தேடுவாள். தலை ஈரமாக இருந்தால் அவள் குளித்துவிட்டாள் என்று அர்த்தம். இனி அருவிக்குள் போகமாட்டாள். உலர்த்தவும் உடை மாற்றவும் கொஞ்ச நேரம் நிற்பாள். அவளிடம் "அக்கா, பாத்துக்கிடுங்க" என்று பையையோ பர்ஸையோ கொடுத்துவிட்டுப் போகலாம். ஊர் கேட்க வேண்டாம், பேர் கேட்க வேண்டாம். குளித்து வெளியே வந்ததும் வாங்கிக்கொண்டு, அடுத்தவள் யாராவது நீட்டினால் நாம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குக் கொடுக்காத பர்ஸ், முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்குக் கிடைக்கப்போகிறது. தலை நனைந்திருப்பது ஒன்றுதான் தகுதி. அந்த முகம் தெரியாதவள் மேல் எனக்கு அப்போதே பற்றிக்கொண்டது.

நான் தள்ளி, நேந்திரம் சிப்ஸ் கடைகளின் பக்கமாக நின்றேன். எண்ணெய்ச் சட்டிகளின் வாசனை. ஈரக் கால்கள், ஈரக் கால்கள், ஈரக் கால்கள். அருவி சத்தத்தை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் அது காதுக்கு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். எனக்குச் சந்தேகம் வந்து, அதை எப்படி எழுதலாம் என்று ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது விசில் சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே மலையில் எங்கேயோ கொட்டியிருக்கிறது. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் எட்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டே ஆட்களை வெளியேற்றினார்கள். இரண்டு பக்கமும் கூட்டம் பிதுங்கிக்கொண்டு வந்தது. சோப்பு நுரையோடு ஒருவர், ஒற்றைச் செருப்போடு ஒருவர், குழந்தையின் பெயரைக் கத்திக்கொண்டு ஒரு தாய். அதில் என் மனைவியும் வந்தாள். வெறுங்காலோடு, வெறுங்கையோடு.

"பர்ஸு?"

"குடுத்தேன்."

"யார்கிட்ட?"

"தல ஈரமா ஒருத்தி நின்னா. விசில் அடிச்சதும் கூட்டம் தள்ளிட்டுப் போயிட்டு. எங்கன போனான்னு தெரியல."

நான் சுற்றிலும் பார்த்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தலை ஈரம். சிப்ஸ் போடுகிறவருக்கு ஈரம், போலீஸ்காரருக்குத் தொப்பியே ஈரம், குளிக்காத எனக்கும் ஈரம். இந்தச் சாரல் நாளில் ஈரத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் கொடுத்திருந்தால் போயிருக்குமா?

"ஆபீஸ் கார்டு, பஸ் பாசு, பேங்க் கார்டு எல்லாம் அதுலதான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "சுகர் மாத்திரையும்" என்றாள். அவளுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு சுக்குக் காப்பி குடிச்சிட்டுத் தேடுவமா? அங்கன, கோயில் பக்கத்துக் கடையில."

"பர்ஸ் போயிருக்கு, காப்பியா கேக்குது? மொதல்ல போலீஸ்ல சொல்லணும். வா."

நான் முன்னால் நடந்தேன். இப்போது எனக்கு ஒரு பொறுப்பு வந்திருந்தது. தொலைக்காதவன் கண்டுபிடிக்கப் போகிறான்.

போலீஸ் பூத்தில் ஒரு பெண் காவலர் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் காணாமல்போன ஒரு மாமனாரும் ஒரு வாளியும் இருந்தன. எங்கள் முறை வந்தபோது என் போன் அடித்தது. தெரியாத எண். கட் செய்தேன்.

"என்ன கலர் பர்ஸு?"

"மெரூன். ஊக்கு குத்தியிருக்கும்."

"வாங்கி வச்சிருக்கவங்க அடையாளம் என்ன?"

"தலை ஈரமா இருக்கும் மேடம்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் போன் அடித்தது. அதே எண். கட் செய்தேன்.

"எடுங்க சார், யாரோ கூப்பிடுதாவ."

"கிரெடிட் கார்டு வேணுமான்னு கேப்பாங்க மேடம். நான் எடுக்கதில்ல."

மூன்றாம் தடவையும் அடித்தது. மூன்றாம் தடவையும் கட் செய்தேன். அவர் மைக்கில் மெரூன் கலர் பர்ஸைப் பற்றிச் சொன்னார். அருவி அதைக் கேட்டுக்கொண்டு, தன் சத்தத்துக்குள் போட்டுக்கொண்டது.

அங்கிருந்து வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போகலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். நாலு கடை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி, நில்லுங்க. அவங்க மொகத்தப் பாத்தியளா? வெளிறிப்போயி நிக்காவ."

பழக்கடைக்காரர். அவர் சொல்லித்தான் நான் திரும்பினேன். என் மனைவி கடையின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் இருந்தது சாரல் இல்லை, வியர்வை. அவர் தன் முக்காலியைத் தூக்கி வெளியே போட்டார். அவளை உட்கார வைத்தார். ஒரு பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க தாயி. வெறும் வயித்துல குளிச்சியளோ? எங்க வீட்லயும் சுகர்தான். பாத்தா எனக்குத் தெரியும்."

பாத்தா தெரியுமாம். அரை மணி நேரமாக அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. அவரிடம் நான் நன்றி சொன்னேன். சொன்ன வாய்க்குள் பொறாமை கசந்தது. அவள் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள், அந்த மலர்ந்த சிரிப்பு. காசு நீட்டினேன், "போங்க அண்ணாச்சி" என்று கையைத் தள்ளினார்.

அவள் எழுந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் கோயில் பக்கம், காப்பிக் கடையைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் போனேன்.

கடை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஈர முக்காடு. இரண்டு கைகளாலும் மெரூன் பர்ஸை நெஞ்சோடு பிடித்திருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"வந்துட்டாவ டீச்சர்! ஒங்க ஆளு வந்துட்டாவ. நீங்க சொன்ன மாதிரியே காப்பிக் கடைக்கே வந்துட்டாவளே!"

போனுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு. அருவிக்கரையிலும் அதே சிரிப்பு.

என்ன நடந்தது என்று அந்தப் பெண் மூச்சுவிடாமல் சொன்னாள். அவளுக்குக் கடையநல்லூர். மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வந்திருக்கிறார்கள். விசில் அடித்துக் கூட்டம் தள்ளியதும் என் மனைவியைத் தேடியிருக்கிறாள். காணவில்லை. வேறு வழியில்லாமல் பர்ஸைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

"தப்பா நெனச்சிராதிய அக்கா. அடுத்தவுக பர்ஸத் தொறக்கது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துது. உள்ள இந்தச் சீட்டு இருந்துது. அதப் பாத்துத்தான் டீச்சருக்குப் போட்டேன். அவுகதான், 'எங்கயும் தேடாத, காப்பிக் கடையில போயி நில்லு, அருவியில இருந்து அவ நேரா அங்கதான் வருவா'ன்னாவ."

"நீ டீச்சரோட இங்க வந்திருக்கியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மாசத்துக்கு ஒருக்கா. அரைநாள் லீவு போட்டுட்டு" என்றாள். "கருப்பட்டி போட்டுத் தருவாவ. வீட்ல நீங்க குடிக்க விடமாட்டிய."

டீச்சர் தென்காசியில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி எங்கே போவாள் என்று சொல்லிவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் அவளை நேர் எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

சீட்டை அந்தப் பெண் என் கையில்தான் கொடுத்தாள். மடித்து மடித்துத் துணிபோல் ஆன காகிதம். என் மனைவியின் உருண்டைக் கையெழுத்து. 'எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மயங்கி விழுந்தால் இனிப்பு கொடுத்து, இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்.' கீழே ஒரு எண், அதன்மேல் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. அதற்கும் கீழே டீச்சரின் எண்.

அடிக்கப்பட்டது என் எண்.

"அடிச்ச நம்பருக்கும் போட்டுப் பாத்தேன் அண்ணே. மூணு வாட்டி. ரிங்கு போச்சு, கட்டாயிட்டு." அவள் குற்றம் சொல்லவில்லை, சமாதானம் சொன்னாள்: "தெரியாத நம்பர்னா எல்லாரும் அப்படித்தான. எங்க வீட்டுக்காரவுக சவுதியில. நெட்ல கூப்பிடுவாவ, ஒவ்வொரு வாட்டி ஒவ்வொரு நம்பர்ல வரும். அதனால எந்த நம்பர் வந்தாலும் நான் எடுத்துருவேன். லோன்காரனா இருந்தாலும் நல்லா இருக்கியான்னு கேட்டுட்டுத்தான் வைப்பேன்."

என் மனைவி என் சட்டைப் பையைப் பார்த்தாள். உள்ளே போன் இருந்தது. அவள் காப்பித் தம்ளரை ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அந்தப் பெண்ணின் மாமியார் வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "ஏட்டி, பொருளக் குடுத்தாச்சா இல்லியா? பிள்ளைய பசியில அழுவுது. நல்ல சீருதான், அருவிக்கு வந்து குளிக்காமப் போறவ ஒலகத்துல இவ ஒருத்திதான்."

"குளிக்கலையா?" என்றாள் என் மனைவி. "தல ஈரமா இருந்துதே?"

"அது சாரல்ல நின்னதுக்கா. நான் அப்பந்தான் உள்ள போகலாம்னு பாத்தேன், நீங்க பர்ஸக் குடுத்துட்டிய. சரி, நீங்க வந்தப்புறம் போவோம்னு நின்னேன். விசில் அடிச்சிட்டான்." அவள் சிரித்தாள். "அருவி எங்க போவுது? இங்கனதான கெடக்கும்."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை விலக்கிவிட்டு அவர்கள் இருவரும் போன் எண்ணைப் பரிமாறிக்கொண்டார்கள். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே, சாரலில் நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தேன். இலஞ்சி தாண்டியதும் கேட்டேன், என் எண்ணை எப்போது அடித்தாய் என்று.

"போன வருசம். சுந்தரபாண்டியபுரத்துல பஸ்ல மயங்கிட்டேன்லா."

"கிறக்கமா இருந்துதுன்னுதான சொன்ன?"

"மயங்கிட்டேன்னு சொன்னா நீங்க பயப்படுவிய. கண்டக்டர் போன்ல இருந்து ஒங்களுக்குத்தான் மொதல்ல போட்டாவளாம். எடுக்கல. பெறகு டீச்சருக்குப் போட்டாவளாம், அவ அன்னைக்கு லீவு. வீட்ல இருந்து ஸ்கூட்டர எடுத்துட்டு வந்தா."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. போன் நாலைந்து தடவை அடித்தது, நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அன்று மூன்று வரி எழுதினேன். நல்ல வரிகள்தான். பிறகு புத்தகத்திலும் வந்தன.

"கோவமா?" என்றேன்.

"கோவம் எல்லாம் இல்ல. ஆத்திர அவசரத்துக்கு ஆகாதத எதுக்கு எழுதி வைக்கணும்?"

வயல்கள் பின்னால் ஓடின. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஈரத் தலை. என் சட்டை நனைந்தது. துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் எல்லா எண்களையும் எடுத்தேன். கார்டு விற்கிற பெண்கள், நிலம் விற்கிற ஆண்கள், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் என்ன விலை என்று என்னிடம் கேட்டு, நான் வியாபாரி இல்லை என்று சொல்லியும் நம்பாத ஒருவர். எழுத்து ஒன்றும் நகரவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போடும். எடுப்பேன். அவளைப் பற்றி இருக்காது. நிம்மதியாக இருக்கும், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கும். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சை எழுதிவிட்டு மார்க் கேட்பது போல் ஆகிவிடும்.

ஆவணி பிறந்ததும் கடையநல்லூர்ப் பெண் கூப்பிட்டாள். அவளுக்குக் குளியல் பாக்கி இருக்கிறதே. அவளும் டீச்சரும் என் மனைவியும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்று சொன்னபோது மூன்று பேரும் சிரித்தார்கள், இரண்டு பேர் போனுக்குள்ளிருந்து.

"வரட்டும் அக்கா, சாமானுக்கு ஆள் வேணும்லா" என்றாள் கடையநல்லூர்க்காரி.

"அவரா? ஆகாசத்தப் பாத்துட்டு நிப்பாரு" என்றாள் என் மனைவி. ஆனால் அன்று பிரிகிற இடம் வந்ததும் மெரூன் பர்ஸை என்னிடம் நீட்டினாள். மற்ற இருவரும் தங்களுடையதையும் கொடுத்தார்கள்.

காப்பிக் கடை பெஞ்சில், மடியில் மூன்று பர்ஸோடு உட்கார்ந்தேன். அன்று சாரல் இல்லை, இளவெயில். அருவி பக்கம் பார்த்தேன், பர்ஸைப் பார்த்தேன், ஆகாசத்தை மட்டும் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவள் பர்ஸைத் திறந்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி திறந்து பார்த்துவிட்டாள். நான் ஊக்கைக் கழற்றினேன்.

சீட்டு புதுசு. அதே வாசகம். முதலில் டீச்சர் எண். இரண்டாவது கடையநல்லூர் எண். ஒரே ஒரு நாள் பார்த்தவளுக்கு இரண்டாம் இடம். பழைய பொறாமை மறுபடி பற்றிக்கொண்டது. மூன்றாவதாக, பென்சிலில், என் எண்.

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. எடுத்தேன். பென்சில் கோட்டின் மேலேயே எழுதினால் யாருக்குத் தெரியும்? மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். அப்போது போன் அடித்தது. தெரியாத எண். பேனா கீழே விழுந்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"ஹலோ."

அருவிச் சத்தம். அதற்குள்ளிருந்து என் மனைவியின் குரல். "எடுத்துட்டியளா?"

"என்ன, என்னாச்சு? கிறக்கமா வருதா? வரட்டுமா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான். எடுக்கியளான்னு பாத்தேன்."

சீட்டு என் கையில் இருந்தது, பர்ஸ் என் மடியில். அவள் எதையும் பார்த்து எண்ணைப் போட்டிருக்க முடியாது. என் எண் அவளுக்கு மனப்பாடம். பேச்சை மாற்றிக் கேட்டேன்.

"இது யார் போனு?"

"தெரியல. இங்கன ஒருத்தி நிக்கா, தல ஈரமா" என்றாள்.